அண்ணி என்னும் அசையாச் சொத்து

மாடுகள் பேசிய காலத்தில் நடந்த கதை அன்று இது. மாடுகள் பேசுவதை விட்டுவிட்டு, அந்தப் பொறுப்பை அதிகாரிகள் ஏற்றுக்கொண்ட பிறகு நடந்தது. ஆகையால் இதில் மாடு ஒரு வார்த்தையும் பேசாது. பேசுகிறவர்கள் எல்லாரும் ஒன்று சம்பளம் வாங்குகிறவர்கள், அல்லது அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

ஒரு தையற்காரர் இருந்தார். அவருக்கு ஒரு மனைவி, ஒரு தையல் இயந்திரம், ஒரு பசு. இந்த மூன்றில் இயந்திரத்தின் சுபாவம் மட்டுமே அவருக்குப் பிடிபட்டிருந்தது. பசுவைப் பார்த்துக்கொண்டது முழுக்க முழுக்க மனைவிதான். அந்த அம்மாளுக்கு முழங்கால் வீங்கி, குந்தி உட்கார்ந்து பால் கறக்க முடியாமற்போனது. ஒரு நாள் தையற்காரர் தாமே சொம்பை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். பசு கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தது. அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார்; இரக்கம் இருந்தது. அன்றைக்கே அதை விற்றுவிடுவது என்று முடிவாயிற்று.

பசுவின் பெயர் அண்ணி. சொத்துப் பிரித்தபோது தமையன் வீட்டிலிருந்து வந்தது என்பதால் விளையாட்டாக வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. உண்மையான அண்ணி இதைக் கேள்விப்பட்டு ஒரு மழைக்காலம் முழுவதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் வந்து பசுவை நேரில் பார்த்தாள். அதன் நிதானத்தையும் கண்ணழகையும் கண்டு சமாதானமாகிப் போனாள்.

சந்தைக்குப் புறப்பட்ட அன்று காலையில் மனைவி அண்ணிக்கு வயிறு முட்டப் பச்சைத் தீவனம் போட்டாள். ஊறவைத்த பயறும் வைத்தாள்.

"இவ்வளவு எதுக்கு? விக்கத்தானே போறோம்" என்றார் தையற்காரர்.

"பசிச்ச வயித்தோட அனுப்பினா, போற வீட்டுல நம்மளைப் பத்தி என்ன நினைக்கும்?"

"யாரு, வாங்குறவங்களா?"

"அண்ணி." அவள் கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். ஆனால் விடவில்லை. "விலை முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லைங்க. நல்ல கையில போய்ச் சேரணும். கசாப்புக் கைக்கு மட்டும் போகக் கூடாது."

"நான் என்ன வேணும்னா குடுத்துட்டு வருவேன்?"

"நீங்க குடுக்க மாட்டீங்க. உங்ககிட்டேருந்து வாங்கிடுவாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கயிற்றை விட்டாள்.

அந்தச் சந்தையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் அங்கே மாட்டு விலை நிலையாக நின்றதில்லை. விடிகாலையில் யானை விலை சொன்ன எருதை, வெயில் ஏறியதும் கோழி விலைக்குக் கேட்பார்கள். மேகம் கறுத்தால் விலை ஏறும். தீவனக்காரர் தும்மினால் இறங்கும். விற்றவர்களும் வாங்கியவர்களும் ஒருவரையொருவர் வைதுகொண்டு, கடைசியில் ஒரு வழியாக மாட்டைக் கைமாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இந்த அநாகரிகத்தைப் பொறுக்க முடியாமல்தான் மேலிடம் 'கால்நடை விலை நிலைநிறுத்த வாரியம்' என்ற ஒன்றை ஏற்படுத்தியது. வாரியம் வந்த பிறகு வைகிற சத்தம் நின்றது. மாட்டைக் கைமாற்றுவதும் ஏறக்குறைய நின்றது.

சந்தை வாசலிலேயே பால்காரம்மாள் காத்திருந்தாள். நான்கு தெருவுக்குப் பால் ஊற்றுகிறவள். அண்ணியின் மேல் வெகு நாளாகக் கண் வைத்திருந்தவள். வந்ததும் வராததுமாக அண்ணியின் தாடையைத் தடவினாள். அண்ணி அவள் முந்தானையை மோந்து பார்த்தது.

"அண்ணே, அண்ணியை எனக்குக் குடுத்துருங்க. ராணி மாதிரி வச்சுக்கறேன்."

"உனக்குக் குடுக்காம வேற யாருக்கும்மா குடுக்கப் போறேன்?"

விலையும் அங்கேயே பேசி முடிந்துவிட்டது. அவள் கேட்டதைவிட இவர் கொஞ்சம் குறைத்துக்கொள்ளப் பார்த்தார். இவர் சொன்னதைவிட அவள் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கப் பார்த்தாள். இருவரும் கைநீட்டிய நேரத்தில் நடுவே ஒரு பிரம்பு வந்து விழுந்தது. பிரம்பின் மறுமுனையில் வாரியத்தின் அசைவுப் பதிவாளர் நின்றார்.

"என்ன நடக்குது இங்க?"

"வியாபாரம்ங்க" என்றார் தையற்காரர்.

"சந்தையில வியாபாரமா?" பதிவாளர் உண்மையாகவே அதிர்ந்துபோனார். "மாடு உன்னோடது. பணம் அந்தம்மாவோடது. விலை யாரோடது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாரியத்தோடது. எங்க சொத்தை எங்களுக்குத் தெரியாம ரெண்டு பேரும் கைமாத்தப் பாத்தீங்க. போனாப் போகுது, முதல் தடவைன்னு விடறேன். உள்ள வா. பேரு என்ன?"

"அண்ணிங்க."

"உங்க அண்ணி பேரு யாருய்யா கேட்டா? மாட்டுப் பேரு."

"மாட்டுப் பேருதாங்க அண்ணி."

"அப்போ உங்க அண்ணி பேரு?"

"அவங்களை விக்கலீங்களே."

பதிவாளர் அவரை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். நையாண்டி செய்யும் முகம் இது இல்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டுவிட்டு, "அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?" என்று கேட்டார்.

"நடந்துதான் வந்துச்சுங்க."

"அதான் பிரச்சினையே" என்றார் பதிவாளர், நோயின் பெயரைச் சொல்லும் வைத்தியரைப்போல.

சந்தையின் நடுவே சிமெண்டினால் செய்த ஒரு மாடு நின்றது. வாரியம் திறந்துவைக்கப்பட்ட நாளில் அதற்கும் ஒரு விலை வைத்தார்கள். அன்றுமுதல் அந்த விலை இம்மியும் மாறவில்லை. ஊழியர்கள் போகும்போதும் வரும்போதும் அதற்கு ஒரு சலாம் வைத்தார்கள். உயிருள்ள கன்றுகள் சில அதன் மடியை நக்கிப் பார்த்துவிட்டு, வாழ்க்கையைப் பற்றி ஏதோ புரிந்துகொண்டவைபோல விலகிப் போயின.

அதற்கு எதிரே ஒரு மேடை. மேடையின் மேல் இரும்புச் சட்டகம். மாடு உள்ளே நின்றால் பக்கத்துக்கு ஒரு கம்பியும் வயிற்றுக்குக் கீழே இரண்டு கம்பிகளும் தாங்கிக்கொள்ளும். பின்னால் ஆளுயரப் பலகை. அதில் ஏணிப்படிபோலக் கோடுகள், ஒரு சிவப்பு முள். மாடு அசைந்தால் பதிவாளர் மணியை அடிப்பார். முள் ஒரு படி இறங்கும். முள் இறங்கி இறங்கிப் பலகையின் அடிக்கு வந்துவிட்டால், அது அடிவிலை. அடிவிலைக்கு வந்த மாடு அடிமாடு. வாரியத்தின் அகராதி அவ்வளவு எளிமையானது. மேடையின் பக்கவாட்டில் ஒரு கதவு; அதற்கு அப்பால் கசாப்புக்காரர் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அசையாமல் நின்று, விலை 'உறைந்துவிட்டது' என்று வாரியத் தலைவர் அறிவித்தால் மட்டும் மாட்டை விற்கலாம்.

அன்று முதலில் ஏறியது ஓர் எருது. ஈ ஒன்று அதன் காதில் உட்கார்ந்தது. காது அசைந்தது, மணி அடித்தது. மணிச்சத்தத்துக்கு எருது திடுக்கிட்டது. திடுக்கிட்டதற்கு ஒரு மணி. அந்த மணிக்கு மறுபடி திடுக்கிட்டது. இப்படியே மணியும் எருதும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு அடிவிலைக்கு வந்து சேர்ந்தன. உடையவர், "ஈயை ஓட்டினா ஆகாதா ஐயா?" என்று கெஞ்சினார். "ஈ எங்க அதிகாரத்துக்குக் கீழ வராது" என்றார் பதிவாளர். பக்கவாட்டுக் கதவு திறந்து மூடியது.

அடுத்தது கன்றை ஈன்று கொஞ்ச நாளே ஆன பசு. அதன் கன்றைக் கண்ணில் படும் தூரத்தில் கட்டியிருந்தார்கள். கன்று கத்தியது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. கதவு மறுபடி திறந்து மூடியது.

தையற்காரர் அண்ணியின் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். கசாப்புக்காரர் முக்காலியிலிருந்து அவரைக் கூப்பிட்டார். "பயப்படாதீங்கண்ணே. எனக்கே தாங்கல. கறக்குற மாட்டையெல்லாம் என் தலையில கட்டுறானுங்க. பால் மடியைப் பாத்துக்கிட்டு எப்படி வெட்டுறது? நானும் பிள்ளைகுட்டிக்காரன்."

"நீங்க வேண்டாம்னு சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். நான் அசையிறேன்னு எழுதிக்கிட்டாங்க."

அப்போது வாரியத் தலைவர் வந்து ஒலிபெருக்கியின் முன் நின்றார். சந்தைநாள்தோறும் அவர் பேசியாக வேண்டும். அதற்குத்தான் ஒலிபெருக்கி வாங்கியிருந்தார்கள்.

"மாட்டுக்காரப் பெருமக்களே! மலை ஒன்று இருக்கிறது. அதன் விலை இறங்கியதாக யாராவது கேள்விப்பட்டதுண்டா? இல்லை. ஏன்? அது அசைவதில்லை. காற்று இருக்கிறது. அதற்கு என்ன விலை? ஒன்றுமில்லை. ஏன்? அது ஓயாமல் அசைகிறது. இந்த உண்மையைக் கண்டறிய எங்கள் குழு பல நாடுகளுக்குச் சென்றது. போன இடமெல்லாம் மாடுகள் அசைந்துகொண்டுதான் இருந்தன. அப்படியும் நாங்கள் மனம் தளரவில்லை. இன்னும் சில நாடுகளுக்குச் சென்றோம்."

ஊழியர்கள் கைதட்டினார்கள்.

"விலையின் ஏற்ற இறக்கம் என்பது ஒரே நோய் என்று நினைத்துவிடாதீர்கள். அது இரண்டு நோய். ஏற்றம் ஒன்று, இறக்கம் ஒன்று. இதில் ஏற்றத்தை நாங்கள் அடியோடு ஒழித்துவிட்டோம். பாதி வேலை முடிந்தது! மீதிப் பாதி உங்கள் மாடுகளின் ஒழுக்கத்தில் இருக்கிறது. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து நான் அசைந்ததே இல்லை. என் மதிப்பு குறைந்ததா?"

"கூடவும் இல்லையே" என்று கசாப்புக்காரர் முணுமுணுத்தார்.

அதன்பின் அண்ணியை மேடை ஏற்றினார்கள்.

அண்ணி சட்டகத்துக்குள் போய் நின்றது. நின்றது என்றால் அப்படி நின்றது. ஈ வந்து காதில் உட்கார்ந்தது. அண்ணி அதை ஒரு விருந்தாளியாகவே நடத்தியது. பதிவாளர் சோதனைக்காக ஒரு தகரத்தைத் தட்டினார். அண்ணி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. முள் உச்சிப் படியிலேயே நின்றது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பால்காரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாரியத்தின் சரித்திரத்தில் ஒரு நிஜ மாடு, அதாவது சிமெண்டால் ஆகாத மாடு, முதன்முதலாகத் தேறப் போகிறது.

"உறைந்தது என்று..." எனத் தலைவர் வாயெடுத்தார்.

"ஒரு நிமிஷம்ங்க ஐயா" என்றார் பதிவாளர். குனிந்து அண்ணியின் முகத்தருகே போனார். "வாயில ஏதோ நடக்குது. என்னய்யா பண்ணுது இது?"

தையற்காரருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. தமக்குத் தெரிந்த ஒரே மாட்டுச் சங்கதியை அதிகாரி கேட்டுவிட்டாரே என்று பெருமை பொங்க, கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"அசை போடுதுங்க!"

சந்தை அடங்கிப்போயிற்று.

"என்ன போடுது?"

"அசைங்க... எல்லா மாடும்..." தாம் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. "வாயைத்தாங்க மெல்லுது. வேற ஒண்ணுமில்லீங்க."

"முதல்ல சொன்னதுதான் வாக்குமூலம்" என்றார் பதிவாளர். அவர் கை மணியின் கயிற்றைப் பற்றியது.

தலைவர் நியாயவான். சொல்லைப் பற்றிய சந்தேகம் சொல் அறிந்தவரால் தீர்க்கப்பட வேண்டும் என்று, வாரியத்தின் மொழி ஆலோசகரை வரவழைத்தார். வாரியத்தின் பெயர்ப்பலகையை எழுதிக் கொடுத்த பிறகு அவருக்கு இதுவரை வேலை வாய்க்கவில்லை. ஆகையால் மிகுந்த உற்சாகத்தோடு வந்தார்.

"'அசைவு' என்பதற்கு வேர்ச்சொல் 'அசை'. கிளை குற்றவாளி என்றால் வேர் எப்படி நிரபராதியாகும்? ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. செய்யுளில் அசை இருவகை: நேரசை, நிரையசை. இந்த மாடு போடுவது எது?"

"வைக்கோலா புல்லான்னு கேட்டாச் சொல்லுவேங்க" என்றார் தையற்காரர், கும்பிட்டபடி.

"'நிரை' என்றாலே மாட்டுக் கூட்டம். மாடுகள் கூட்டமாக நின்று போட்டால் நிரையசை. இது தனியாக நின்று போடுவதால் நேரசை. எதுவாயினும் அசை அசைதான்." ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை ஆண்டுகளாக மாடுகள் இதை வெளிப்படையாகச் செய்துவந்தும் யாரும் கவனிக்காதது மொழிக்கு நேர்ந்த அவமானம்."

பால்காரம்மாளால் பொறுக்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஐயா, மெல்லுறதைத்தான் அசை போடுறதுன்னு சொல்றோம். இதுக்குப்போய் முள்ளை இறக்கினா, உலகத்துல ஒரு மாடு தப்புமா?"

"தப்பாது" என்று ஒப்புக்கொண்டார் தலைவர். "அதனால்தான் இந்த மாட்டின் மேல் எனக்கு அக்கறை. மற்ற எல்லாவிதத்திலும் உத்தமமான மாடு. இதை அடிமாடாக்க என் மனம் ஒப்பவில்லை. வாயை மட்டும் கட்டிவிடுங்கள். சாயங்காலம்வரை அசை போடாமல் நின்றால், உறைந்ததாக நானே வந்து அறிவிக்கிறேன்."

"வாயைக் கட்டுறதா? வயிறு நிறையப் பச்சை தின்னுட்டு வந்திருக்கு, பாத்தாலே தெரியுது. அசை போடாம, ஏப்பம் விடாம நிறுத்தினா வயிறு ஊதிப் போயிரும் சாமி!"

"இந்த அம்மாள் யார்?"

"வாங்க வந்தவங்க" என்றார் பதிவாளர்.

"அப்படியென்றால் விலையைக் குறைக்கப் பார்க்கிறாள்" என்றார் தலைவர் வருத்தத்தோடு. பிறகு தையற்காரரைப் பார்த்தார். "நீ சொல்லப்பா. உன் மாடு. மணி அடிக்கவா, வாயைக் கட்டவா?"

தையற்காரர் பக்கவாட்டுக் கதவைப் பார்த்தார். கசாப்புக் கைக்கு மட்டும் போகக் கூடாது என்று மனைவி சொல்லியிருந்தாள். வாயைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம்வரைதானே? மனிதர்களே சாயங்காலம்வரை வாயைக் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பதில்லையா?

"கட்டுங்க" என்றார்.

"எதால கட்டுறது? கயித்தால கட்டினா கொஞ்சம் ஆடும்" என்று பதிவாளர் யோசித்தார். "நீ என்ன தொழில் பண்றே?"

"தையல்ங்க."

"பாத்தீங்களா ஐயா, எல்லாம் கூடி வருது!"

வாரியத்தின் கிடங்கிலிருந்து கித்தான் துணி வந்தது. ஊசியும் நூலும் சிறு கத்தரிக்கோலும் தையற்காரர் சட்டைப்பையிலேயே எப்போதும் இருக்கும். அவர் அண்ணியின் முகத்தை அளவெடுத்தார். அது ஒத்துழைத்தது; அவர் விரல் பட்டபோது அவர் உள்ளங்கையை ஒரு முறை நக்கிக்கூடக் கொடுத்தது. முகத்துக்கு உறைபோல, தாடைக்குக் கீழே இறுக்கமாக, மூக்குத் துவாரத்துக்கு இடம் விட்டு, காதுக்குப் பின்னால் பட்டை வைத்துத் தைத்தார். வாழ்நாளில் அவர் எந்தத் துணியையும் அரைகுறையாகத் தைத்ததில்லை. இதிலும் ஒரு தையல்கூடக் கோணவில்லை. ஓரத்தை மடித்துக் கெட்டித் தையல் போட்டு முடித்தபோது, அது அண்ணிக்கென்றே பிறந்ததுபோல் பொருந்திற்று.

பதிவாளர் அதை இழுத்துப் பார்த்தார். நூலிழையும் நகரவில்லை. "கச்சிதம்!" என்றார்.

பால்காரம்மாள் தையற்காரரின் பக்கத்தில் வந்து நின்று, தாழ்ந்த குரலில் கேட்டாள்: "ஏண்ணே இவ்வளவு நல்லாத் தைச்சீங்க?"

அவர் ஊசியைத் துடைத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

தலைவர் சாப்பிடப் போனார். அண்ணி நின்றது. வெயில் ஏறிற்று. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இடப்பக்க விலா புடைக்கத் தொடங்கியது. பதிவாளர் மணியின் கயிற்றைப் பிடித்தபடி குழம்பினார். பக்கத்தில் இருந்த ஆலோசகரைக் கேட்டார்: "வயிறு பெரிசாகுதே, இது அசைவா?"

ஆலோசகர் சிந்தித்தார். "இடம் பெயரவில்லை. பருமன்தான் கூடுகிறது. இது அசைவு ஆகாது. வளர்ச்சி."

"வளர்ச்சியா!" பதிவாளருக்கு முகம் மலர்ந்தது. ஆள் அனுப்பித் தலைவருக்குச் செய்தி சொன்னார். வளர்ச்சியை வாரியம் எக்காலமும் வரவேற்கும் என்று தலைவர் சாப்பாட்டு இடத்திலிருந்தே பதில் அனுப்பினார்.

தையற்காரர் மேடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பதிவாளர் ஐயா, அவிழ்த்துரலாம்ங்க. நான் விக்கல. வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

"அவிழ்த்தா அசையும். அசைஞ்சா மணி. மணி அடிச்சா படி. எத்தனை நேரமா நிக்குது தெரியுமா? மொத்த அசையையும் சேத்துப் போட்டா நேரா அந்தக் கதவுதான். இன்னும் கொஞ்ச நேரம் பொறுய்யா. ஜெயிக்கப் போற நேரத்துல எவனாவது பின்வாங்குவானா?"

தையற்காரர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி அவரைப் பார்த்தது. சொம்போடு போய் உட்கார்ந்த அன்று பார்த்த அதே பார்வை. சிறுபிள்ளைகளுக்குச் சொல்லும் கதையாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு சுண்டெலி வந்து தையலைக் கடித்து அறுத்திருக்கும். தையல் கெட்டித் தையல். சந்தையில் சுண்டெலியும் இல்லை.

பால்காரம்மாள் மட்டும் ஒருமுறை மேடையில் தாவி ஏறி, காதுப் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்தாள். இரண்டு ஊழியர்கள் அவளைப் பிடித்து இறக்கினார்கள். தையற்காரர் தம் சட்டைப்பையில் கத்தரிக்கோல் இருப்பதை அப்போது நினைத்தார். அதன்மேல் கையும் வைத்தார். பக்கவாட்டுக் கதவு கண்ணில் பட்டது. கையை எடுத்துவிட்டார்.

பொழுது சாயத் தலைவர் திரும்பி வந்தார். முள் உச்சியில். மாடு அசையவில்லை. காதில் ஈ, வாலில் ஈ, கண்ணிலும் ஈ. எதற்கும் அசையவில்லை. தலைவரின் குரல் தழுதழுத்தது.

"பெருமக்களே! விலை உறைந்தது! முடியாது என்றார்கள். மாடு என்றால் அசையத்தான் செய்யும் என்றார்கள். இதோ! இந்த ஒழுக்கத்தைப் பாருங்கள். இந்த அமைதியைப் பாருங்கள். நம் எல்லாருடைய வீட்டிலும் இப்படி ஒரு மாடு இருந்தால் நாடு எங்கே போயிருக்கும்!"

கைதட்டல் ஓய்வதற்குள் கசாப்புக்காரர் மேடை ஏறி, அண்ணியின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். பிறகு அதன் கண்களை மூடிவிட்டார். அந்தச் சந்தையில் உயிர் எப்போது போகும் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கீழே விழாதபடி இரும்புக் கம்பிகள் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன.

தையற்காரர் பதிவாளரிடம் ஓடினார். "ஐயா, அண்ணி செத்துட்டாங்கய்யா!"

"அடடா." பதிவாளர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "வீட்டுல விட்டுட்டா வந்தே? வயசானவங்களா? போய் ஆகவேண்டியதைப் பாரு. மாட்டை நாங்க பாத்துக்கறோம்."

"மாடுதாங்கய்யா அண்ணி!"

பதிவாளரின் கை தோளிலிருந்து இறங்கியது. மேடையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? செத்துப் போச்சுங்க!"

"விதியில அசைவைப் பத்தி இருக்கு. உயிரைப் பத்தி ஒண்ணும் இல்லையேப்பா. விலை பாரு, உச்சியில நிக்குது. இனிமே இறங்கவே இறங்காது. இந்தச் சந்தையில எவனுக்குக் கிடைச்சிருக்கு இந்தக் கொடுப்பினை?"

"யாருங்க வாங்குவா?"

"வாங்குறது விக்கிறதெல்லாம் உங்க பாடு. நாங்க விலையை மட்டும்தான் பாத்துக்கறோம்."

தையற்காரர் கசாப்புக்காரரைப் பார்த்தார். கசாப்புக்காரர் தலையை ஆட்டினார். "செத்ததை நான் தொடுறதில்லைண்ணே. எனக்கும் ஒரு தொழில் தர்மம் இருக்கு." பால்காரம்மாள் யாரையும் பார்க்கவில்லை. முந்தானை முடிச்சை இறுக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்துவிட்டாள்.

"சரிங்க, வீட்டுக்காவது கொண்டுபோறேன். கொல்லையில புதைச்சுக்கறோம்" என்றார் தையற்காரர்.

பதிவாளர் சிரித்தார். "நல்லாருக்கே! காலையில கேட்டேனே, அசையும் சொத்தான்னு? இப்போ இது அசையாச் சொத்து. வீட்டையும் நிலத்தையும் யாராவது தூக்கிட்டுப் போவாங்களா? இது இங்கதான் இருக்கும். நாங்களே சிமெண்ட் பூசிக்கறோம். ஒரு ஜோடி ஆயிடும். உன் பேர்லதான் இருக்கும், கவலைப்படாதே. வருஷா வருஷம் வரி மட்டும் கட்டிடு."

தலைவர் வெறுங்கையோடு யாரையும் அனுப்புகிறவர் இல்லை. தையற்காரரைக் கூப்பிட்டு, அண்ணியின் முகத்திலிருந்த உறையை எல்லாருக்கும் சுட்டிக் காட்டினார். அடுத்த சந்தைமுதல் எல்லா மாடுகளுக்கும் இதே உறை கட்டாயம் என்றும், அவை அனைத்தையும் தைக்கும் வேலை இவருக்கே என்றும் அறிவித்தார். ஒரு மூட்டை கித்தான் துணியைத் தூக்கி அவர் தோளில் வைத்தார்கள். இறக்கிவைத்துவிட்டுப் போகலாம் என்று அவருக்குத் தோன்றியது. சந்தை முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அசையாமல் நின்றார். மூட்டையை நன்றாகவே கட்டி வைத்தார்கள்.

வீட்டில் மனைவி முழங்காலை நீட்டி, வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். வெறும் கயிற்றைப் பார்த்ததும் ஒரு கணம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மெல்ல எழுந்து, அவருக்குச் சாப்பாடு எடுத்துவைத்தாள்.

"என்னங்க அது மூட்டை?"

"வேலை குடுத்திருக்காங்க."

"நல்லதாப் போச்சு." அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர்க் குவளையை நகர்த்தி நகர்த்தி வைத்தாள். "அண்ணி... கசாப்புக்குப் போகலையே?"

"போகல."

"சத்தியமா?"

"சத்தியமா. அவர் வேண்டாம்னுட்டாரு."

அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "அப்பாடா. அப்போ யார் கையிலங்க போய்ச் சேந்துச்சு? நல்ல கைதானே?"

தையற்காரர் கவளத்தை வாயில் வைத்தார். பிறகு தட்டுக்கு மேலே நின்ற தம் வலக்கையைப் பார்த்தார். ஊசி பிடித்துக் காய்த்த விரல்கள். உள்ளங்கையில் காய்ந்துபோன எச்சிலின் தடம்.

"நல்ல கைதான்" என்றார்.

"என்னங்க, வாயில வச்சது வச்சபடி இருக்கு? மென்னு முழுங்குங்க."

அவர் வாசலைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். இடக்கையால் வாயை மூடிக்கொண்டு, வெளியே தெரியாதபடி, மெல்லத் தொடங்கினார்.